எந்த மாதம் எதை வாங்கலாம்: நாற்பது பக்க நோட்டோடு ஒரு வருட வீட்டுக் கொள்முதல்

எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. பேனாவும் அதோடு சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன், இல்லாவிட்டால் அது பிள்ளைகளின் பைக்குப் போய்விடும். அந்த நோட்டு வந்த கதையைச் சொல்லிவிட்டு வழிமுறைக்குப் போகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஒரு கடையில் இரட்டைக் கட்டில் பெட்ஷீட் செட், விலை 1,200 ரூபாய், 50 சதவீதத் தள்ளுபடி போக 600. இரண்டு செட் எடுத்துக்கொண்டு பெருமையாக வீட்டுக்கு வந்தேன். பிரித்துத் துவைக்கப் போடும்போது விலைச் சீட்டின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் கீறினால், அடியில் இன்னொரு சீட்டு: 650 ரூபாய். ஆக, எனக்குக் கிடைத்த தள்ளுபடி செட்டுக்கு 50 ரூபாய். அதற்காக இரண்டு மணி நேரம் நின்று, பஸ்ஸுக்குக் கொடுத்து, பசித்து ஜூஸ் குடித்து வந்திருக்கிறேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. “ஏம்மா, போன சித்திரையில இது என்ன வெல வித்துச்சுன்னு பாத்து வெச்சிருந்தியா?” என்று மட்டும் கேட்டார். பார்த்து வைத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து பார்த்து வைக்கிறேன். இந்த நான்கு வருட நோட்டில் எனக்குப் புரிந்தது இதுதான். ஒரு பொருள் மலிவாவதற்கு மூன்று நேரம் உண்டு. விளைந்து வந்து சந்தையில் குவியும் நேரம் ஒன்று. அதை யாரும் தேடாத நேரம் இன்னொன்று. கடைக்காரர் சரக்கைத் தள்ளியே ஆகவேண்டிய நேரம் மூன்றாவது. பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் வருவது மூன்றாவதற்கு மட்டும்தான். எங்கள் வீட்டில் பெரிய மிச்சம் வந்ததெல்லாம் முதல் இரண்டில்.

முதலில் நோட்டு, பிறகுதான் கடை

எதையும் வாங்கக் கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம் விலையை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தால் மூன்றாம் நாளே அலுத்துவிடும். உங்கள் வீட்டில் அதிகம் பணம் தின்னும் 20 பொருள் போதும். எங்கள் பட்டியல்: அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், மல்லி, மூன்று எண்ணெய்கள், நெய், காபித்தூள், சலவைத்தூள், சோப்பு, இன்னும் சில. தேதி, கடை, அளவு, கொடுத்த விலை, கிலோவுக்கு எவ்வளவு என்று ஐந்து கட்டம்.

கடைசிக் கட்டம்தான் உயிர். 850 கிராம் பாக்கெட், 910 மில்லி எண்ணெய் பாக்கெட் என்று ஒழுங்கற்ற அளவுகளில் விற்பது சும்மா இல்லை. பாக்கெட்டின் மேல் எம்ஆர்பி பக்கத்தில் கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஆனால் அது எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்கு. நீங்கள் கொடுத்த விலைக்கு நீங்களேதான் வகுத்துப் பார்க்கவேண்டும்.

எம்ஆர்பி என்பது அதற்குமேல் விற்கக்கூடாது என்ற உச்சவரம்பு. அதைவிடக் குறைத்து விற்பது அன்றாடம் நடப்பதுதான். எனவே ‘எம்ஆர்பியில் 30 சதவீதம் தள்ளுபடி’ என்ற வாசகத்துக்குத் தனியாக மதிப்பு இல்லை. உங்கள் நோட்டில் இருக்கும் போன மாத விலையோடு ஒப்பிட்டால்தான் அது தள்ளுபடியா இல்லையா என்று தெரியும்.

அப்படியே மூன்று சின்னக் கணக்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் 33 சதவீதம், அதுவும் மூன்றும் தேவைப்பட்டால். 50 சதவீதத்தோடு கூடுதலாக 20 சதவீதம் என்றால் 70 அல்ல, 60. கார்டுக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் என்று போட்டிருந்தால், 40,000 ரூபாய் பொருளுக்கு அது நாலு சதவீதம்கூட வராது.

விளைச்சல் கணக்கு: தையிலிருந்து சித்திரை வரை

வீட்டுச் செலவில் நிஜமான மிச்சம் இங்கேதான். ஆனாலும் இதற்கு எந்த நடிகையும் விளம்பரத்துக்கு வரமாட்டார்.

நம் பக்கம் சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். துவரை கர்நாடகத்தின் கலபுரகிப் பக்கமிருந்து மார்கழி, தையில் சந்தைக்கு வரத் தொடங்கும். மிளகாய், மஞ்சள், மல்லி மாசி, பங்குனியில். டெல்டாவில் நெல் அறுத்த வயலில் தெளித்த உளுந்து பங்குனியில் கைக்கு வரும். புளியும் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை. நம் பாட்டிகள் பங்குனி வெயிலில் மொட்டைமாடி முழுக்கப் பாய் விரித்ததற்குக் காரணம் இந்த வரிசைதான். புதுச் சரக்கும் காயவைக்க வெயிலும் ஒரே சமயத்தில் வருகின்றன.

புளியை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புளி வரும். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், பழசாக ஆகக் கறுக்கும். கையில் ஓர் உருண்டை எடுத்து அழுத்துங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டி ஈரம் தெரிந்தால் எடை ஏற்றத் தண்ணீர் தெளித்திருக்கலாம், அல்லது சரியாகக் காயவில்லை. எப்படியானாலும் பூஞ்சை பிடிக்கும். கொட்டை எடுத்ததா, கொட்டையோடா என்பது அடுத்த கேள்வி. கொட்டைப்புளி மலிவாகத் தெரியும். எங்கள் வீட்டில் 10 கிலோ எடுத்து, கொட்டையும் நாரும் நீக்கியபின் ஆறு கிலோ சொச்சம்தான் தேறியது. ஆகவே கொட்டைப்புளி விலையை 0.6-ஆல் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 90 ரூபாய் கொட்டைப்புளி என்றால் சுத்தப்புளி 150 ஆகிறது. கடையில் கொட்டை எடுத்தது 160-க்குக் கிடைத்தால், கிலோவுக்குப் பத்து ரூபாய்க்காக இரண்டு மத்தியானம் அரிவாள்மணையோடு உட்காரலாமா என்று யோசியுங்கள். நான் உட்காருவதில்லை. அத்தை உட்காருவார், அது அவருக்குப் பொழுதுபோக்கு.

வாங்கியதை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ ஒரு அடுக்குப் புளி, ஒரு கைப்பிடி கல்லுப்பு என்று அமுக்கி வைத்தால் வருடம் தாங்கும். எவர்சில்வர் டப்பா வேண்டாம், உப்பும் புளியும் சேர்ந்து அதை அரித்துவிடும். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ ஆகும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஆறிலிருந்து ஒன்பது கிலோ. அதற்குமேல் வாங்காதீர்கள்.

மிளகாயில் ராமநாதபுரம் முண்டு, சம்பா இரண்டும் இதே காலத்தில் வரும். குலுக்கினால் விதை கலகலவென்று கேட்கவேண்டும். சத்தம் வராவிட்டால் ஈரம் இருக்கிறது. காம்போடு வாங்கி, காயவைத்து, காம்போடே வையுங்கள். அரைக்கும்போது கிள்ளினால் போதும். வருடத்துக்கு மொத்தமாகத் தூள் அரைத்து வைப்பது மட்டும் வேண்டாம். நிறமும் மணமும் ஆறு மாதத்தில் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மில்லுக்குப் போனால் சரியாக இருக்கும்.

பருப்பு விஷயத்தில் வருடக் கணக்கு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. துவரையில் செம்மண் பூசிக் காயவைத்த காலத்தில், தானியம் கொட்டிவைக்கக் குதிரும் இடமும் இருந்தன. இப்போதைய இரண்டு அறை வீட்டில் நான்கு மாதத்துக்கு வாங்கி, வெயிலில் போட்டு, துளி விளக்கெண்ணெய் தடவிக் கலந்து வைக்கிறேன். அதற்குமேல் போனால் வண்டு தின்றது போக மீதிதான் நமக்கு.

அரிசியில் இரண்டு விஷயம். தை, மாசியில் மலிவாகக் கிடைப்பது புது அரிசி. சாதம் குழையும். பொங்கலுக்குத்தான் அது சிறப்பு. வேப்பிலையோ வசம்போ போட்டு ஆறு மாதம் வைக்க இடமிருந்தால் ஒரு மூட்டை எடுத்துப் போடலாம். இடம் இல்லையென்றால் பழைய அரிசிக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே. இரண்டாவது, 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 25-ஐத் தாண்டினால் கிடையாது. கடைகளில் 26 கிலோ மூட்டை திடீரென்று முளைத்த ரகசியம் அதுதான். மூட்டை விலையைப் பார்க்காமல் 26-ஆல் வகுத்துப் பாருங்கள்.

பெரிய வெங்காயம் மகாராஷ்டிரத்தின் ராபி (குளிர்காலத்தில் நட்ட பயிர்) அறுவடை வரும் பங்குனி, சித்திரையில் இறங்கும். அந்தச் சரக்கு தீர்ந்து புதுசு வராத புரட்டாசி, ஐப்பசியில்தான் பெரும்பாலும் ஏறும். ஆறு மாதத்துக்கு வீட்டில் வைக்க முடியாது. பத்து கிலோ வாங்கிக் காற்றாடப் பரப்பினால் ஒன்றரை மாதம் ஓடும், அவ்வளவே. சலுகை என்று 20 கிலோ வாங்கி அதில் ஐந்து கிலோ அழுகியதும் என் நோட்டில் இருக்கிறது.

யாரும் தேடாத நேரம்

ஏசி, ஏர்கூலர், ஃபேன் எல்லாம் கார்த்திகை, மார்கழியில். வெளியே மழை கொட்டும்போது ஏசி கடைக்குள் போனால், வியாபாரிக்கு நம்மிடம் பேச நேரம் இருக்கும். போன மார்கழியில் நடந்த பேச்சு:

“அண்ணே, இது கடைசி விலையா?”

“அக்கா, போர்டுல போட்டிருக்கறது எல்லாருக்கும். நீங்க இன்னிக்கே எடுக்கறதா இருந்தா சொல்லுங்க, ஸ்டாண்டு நான் போட்டுத் தர்றேன்.”

சித்திரையில் அதே மனிதரிடம் இந்தப் பேச்சு நடக்காது. மாட்டிவிட ஆள் வருவதற்கே ஒரு வாரம் காத்திருக்கவேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன் கேட்கவேண்டியவை: மாட்டும் கூலி சேர்த்தா, ஸ்டாண்டு சேர்த்தா, செப்புக் குழாய் எத்தனை மீட்டர் வரை இலவசம், அதற்குமேல் மீட்டருக்கு எவ்வளவு. வெளி யூனிட்டை மொட்டைமாடியில் வைக்கிற வீடு என்றால், பெற்ற தள்ளுபடி முழுக்க அந்தக் குழாயிலேயே போய்விடலாம். ஆகவே வீட்டில் நூல் பிடித்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

சீசன் இல்லாத நேரத்தில் வாங்குவதில் ஒரு பொறி உண்டு. வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். மார்கழியில் வாங்கிச் சித்திரையில் பெட்டியைப் பிரித்தால் நான்கு மாதம் போச்சு, மாற்றிக்கொடுக்கும் கெடுவும் தாண்டியிருக்கும். உடனே மாட்டி, போர்வை போர்த்திக்கொண்டாவது மூன்று ராத்திரி முழுசாக ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று ஸ்டார். ஏசிக்கான நட்சத்திர அளவுகோலை 2026 ஜனவரி 1 முதல் கடுமையாக்கிவிட்டார்கள். பழைய 5 ஸ்டார், புதுக் கணக்கில் ஏறக்குறைய 4 ஸ்டார்தான். பழைய லேபிள் சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் வாங்கக்கூடாது என்பதில்லை. ஆனால் லேபிளில் எந்த வருடத்துக்கானது என்று போட்டிருப்பதைப் பார்த்து, 4 ஸ்டார் விலைக்குப் பேசுங்கள். லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்றும் இருக்கும், இரண்டு மாடலை ஒப்பிட அந்த எண்தான் நேர்மையானது.

ஜிஎஸ்டியையும் ஞாபகம் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5-க்கு இறங்கின. அதற்கு முந்தைய விலையைக் காட்டி ‘இவ்வளவு குறைத்திருக்கிறோம்’ என்றால் அதில் ஒரு பகுதி அரசாங்கம் குறைத்தது.

மற்றவை சுருக்கமாக. குடையும் ரெயின்கோட்டும் கோடையில். கொலு பொம்மை விஜயதசமிக்கு மறுநாள், மிச்சப் பொம்மைகளோடு ஊருக்குத் திரும்ப எந்த வியாபாரிக்கும் மனம் வராது. பள்ளி நோட்டும் பழுப்பு அட்டையும் மே முதல் பாதியில், ஜூன் முதல் வாரத்தில் வேண்டவே வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கிறது, நாலு வீடு சேர்ந்து மொத்தமாக எடுத்தால் நல்லது. தேங்காய், வாழைப்பழம், பூ, பூசணி எல்லாம் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் வாங்கினால் கேட்ட விலை. இதில் தேங்காயையாவது ஒரு வாரம் முன்பே வாங்கிவிடலாம். பொங்கல் வெல்லமும் அப்படித்தான். நெய்யைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால்.

ஆடியும் ஐப்பசியும்: துணி

ஆடியில் கல்யாணம் கிடையாது. பட்டுக்கும் வேட்டிக்கும் ஆள் வராத மாதம். ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு இறக்க இடம் வேண்டும். தள்ளுபடி பிறந்தது இந்த நியாயமான காரணத்தால்தான். இன்று அதற்கென்றே தனியாக நெய்து, தைத்து வரும் சரக்கும் கலந்துகிடக்கிறது. ஆகவே உங்கள் வேலை, பழைய நல்ல சரக்கையும் ஆடிக்கென்று வந்த சரக்கையும் பிரித்துப் பார்ப்பது.

வாசலில் குவித்த மேஜைகளைத் தாண்டி உள்ளே, மாடிக்குப் போங்கள். மற்ற மாதங்களில் முழு விலைக்கு விற்கும் பிரிவிலேயே குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். புடவையை முழுக்கப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, முந்தியும் மடிப்புக் கோடும் பாருங்கள். வருடக்கணக்கில் மடித்தே கிடந்த பட்டு மடிப்பில் விட்டுவிடும். சாயம் சந்தேகம் என்றால் கைக்குட்டையின் நுனியை நனைத்து உள்மடிப்பில் தேய்த்துப் பாருங்கள், கடைப்பையன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஆடிப்பெருக்கு, ஞாயிறு இரண்டும் வேண்டாம். செவ்வாய், புதன் காலை பத்தரைக்குப் போனால் பொறுக்க முடியும். துண்டு, பனியன், உள்பாவாடை, தலையணை உறை போன்ற அன்றாடச் சாமான்களுக்குத்தான் ஆடி உண்மையிலேயே உதவுகிறது. நகைக்கு நான் அந்தக் கூட்டத்தில் போகமாட்டேன்.

கைத்தறி வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸ். தீபாவளியை ஒட்டி 30 சதவீதம் வரை தள்ளுபடி தருவது அங்கே வருடாவருடம் நடப்பது. மாதத் தவணை கட்டிவந்தால் கடைசித் தவணையை அவர்களே போட்டு, துணிக்குத் தள்ளுபடியும் தரும் சேமிப்புத் திட்டமும் இருக்கிறது, கிளையில் கேட்டுச் சேருங்கள். கதருக்கு காந்தி ஜெயந்தியை ஒட்டிய நாள்கள். போர்வை, பெட்ஷீட்டுக்கு ஈரோட்டுப் பக்கம் போகிறவர்கள் சென்னிமலையை விடாதீர்கள். என் 600 ரூபாய் ஆடி பெட்ஷீட் இரண்டு வருடத்தில் நைந்தது, சென்னிமலைப் போர்வை இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது.

ஆன்லைன் விற்பனை நாள்கள்

குடியரசு தினம், சுதந்திர தினம், நவராத்திரி. மூன்றில் நவராத்திரியை ஒட்டி வருவதுதான் பெரியது. வேண்டிய பொருளை ஒரு மாதம் முன்பே கூடையில் போட்டு, வாரம் ஒருமுறை விலையை நோட்டில் எழுதுங்கள். விற்பனைக்குப் பத்து நாள் முன்னால் விலை ஏறி, அன்றைக்குப் பழைய இடத்துக்கே இறங்கும் வேடிக்கையை நேரில் காண்பீர்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதில் வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில். முழுப்பணம் கட்டினால் இன்னும் குறையுமா என்று எப்போதும் பார்த்துவிடுங்கள். பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்து மாற்றுவதென்றால், முதலில் மாற்று இல்லாமல் விலை பேசி முடித்துவிட்டு, பிறகு பழசுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். காயலான் கடையில் ஒரு விலை கேட்டு வைத்திருப்பதும் நல்லது.

பெட்டியைப் பிரிக்கும்போது யாரையாவது போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். உடைந்த பொருளை மாற்ற மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பணம் அந்த மாதத்தில் கையில் இருக்கவேண்டும்

பங்குனியில் புளியும் மிளகாயும் பருப்பும் சேர்ந்து ஒரே மூச்சில் பெரிய தொகை கேட்கும். அதற்குக் கடன் வாங்கினால் மிச்சம் வட்டியில் போய்விடும். எங்கள் வழி: போன வருட நோட்டில் மொத்தக் கொள்முதல் செலவைக் கூட்டி, 12-ஆல் வகுத்து, அதை வங்கியில் 12 மாத ஆர்டியாக (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுவது. மாசியில் முதிர்கிற மாதிரி தொடங்கவேண்டும். தபால் நிலைய ஆர்டி நல்லதுதான், ஆனால் அது 5 வருடக் கணக்கு, இதற்கு ஒத்துவராது. தெருவில் பிடிக்கும் தீபாவளிச் சீட்டில் பாத்திரம், பட்டாசு, ஸ்வீட் எல்லாம் தருகிறேன் என்பார்கள். ஐப்பசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

காத்திருக்கக்கூடாதவை

அன்றாடம் ஓடுகிற சாமான் உடைந்தால் உடனே வாங்கிவிடுங்கள். இதை நான் கற்றது கிரைண்டரில். வைகாசி நடுவில் எங்கள் கிரைண்டர் மோட்டார் புகைந்தது. ஆடிக்கு இன்னும் ஒன்றரை மாதம்தானே, அதுவரை மாவு பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வாரத்துக்கு நாலு பாக்கெட், ஆறு வாரம், 24 பாக்கெட், ஒன்று 50 ரூபாய். 1,200. வீட்டில் அரைத்திருந்தால் அரிசியும் உளுந்தும் ஆகியிருக்கக்கூடிய 500-ஐக் கழித்தால் 700 ரூபாய் அதிகச் செலவு. ஆடியில் கிரைண்டருக்குக் கிடைத்த தள்ளுபடி 600.

அந்தக் கணக்கை என் கையாலேயே நோட்டில் எழுதியிருக்கிறேன். யார் வீட்டுக்கு வந்தாலும், காபி ஆறுவதற்குள் அத்தை சரியாக அந்தப் பக்கத்தைத்தான் பிரித்துக் காட்டுகிறார்.